துப்பாக்கி விளையாட்டுக்கு ஒரு மனு

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எழுத்துப்பிழை, தகவற்பிழை, மரியாதைப்பிழை என்று மூன்றையும் தனித்தனிப் பந்தியாகப் பிரித்து எனக்கு ஒரு கடிதம் வரும். அடியில் "பிரதி: கோப்புக்கு" என்றும் இருக்கும். ஆகவே ஊர் கூப்பிட்டதுபோலத் தபால்கந்தோர் அக்கா என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புங்குடுதீவில், மடத்துவெளியில் எனக்கு ஒரு கடை. போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டுப் படம், விசாப் படிவம் நிரப்புதல், கடிதம் தட்டச்சு செய்தல். பின்னறையில் விளையாடுவதற்கென்று இரண்டு கொம்பியூட்டர்களும் போட்டிருந்தேன். ஊர் இளந்தாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து விளையாடுவார்கள் என்பது என் கணக்கு. கூட்டம் கூட்டமாக வந்தார்கள்தான், விசாப் படிவத்துக்கு. பின்னறைக் கதிரைகள் இரண்டும் தூசி பிடித்துக் கிடந்தன.

அக்கா எங்கள் பக்கத்து உப தபால்கந்தோர் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து இளைப்பாறியவர். கஞ்சி போட்ட நூல் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் ஒரு மட்டைக் கோப்பு. அவருக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. உலகத்தில் உள்ள எந்தக் குறைபாட்டுக்கும் பொறுப்பான ஒரு கந்தோர், ஓர் அலுவலகம், எங்கேயோ இருக்கிறது. அதற்கு முறையான கடிதம் முறையான வழியில் போய்ச் சேர்ந்தால் குறைபாடு தீரும். தீரவில்லை என்றால் கடிதத்தில்தான் பிழை. கடவுள் பக்தி உள்ளவர்தான், ஆனால் கோயிலில் அவர் கும்பிடும்போதுகூட வேண்டுதல்களுக்கு இலக்கம் போட்டுத்தான் சொல்வார் என்பது என் சந்தேகம்.

குறிகட்டுவான் துறைமுகத்தில் நயினாதீவு வள்ளம் கரை தட்டுவதற்கு முன்பே யாழ்ப்பாணம் போகும் பஸ் வெளிக்கிட்டுவிடுகிறது என்று ஒருமுறை எழுதினார். "வள்ளத்தில் வரும் பயணிகள் மேற்படி பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டுமே அறிந்தவர்களாக உள்ளனர்" என்ற வசனத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பஸ் இரண்டு கிழமை, பதினாலு நாள், காத்து நின்றது, பிறகு பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது. அக்கா கோபப்படவே இல்லை. "நினைவூட்டல் ஒன்று" என்று தலைப்புப் போட்டார். நான் கடைசியாகத் தட்டியது நினைவூட்டல் ஒன்பது.

இன்னொரு முறை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் எல்லாம் உடைந்து கிடந்தது என்று கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு எழுதினார். அவர்கள் ஒரு பெரிய பெட்டி நிறையப் பிஸ்கட் அனுப்பினார்கள். அக்கா அதை அப்படியே திருப்பி அனுப்பினார். "நான் கேட்டது விளக்கம், பிஸ்கட் அல்ல" என்று ஒரு துண்டுக் கடிதமும் வைத்தார். அந்தப் பெட்டி என் கடை மேசையில் ஒரு நாள் முழுக்க இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு எந்தக் கந்தோருக்கும் எழுதித் தீராத குறையாக இருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகன் ரொறன்ரோவில் இருந்தான். பத்தொன்பது வயதில் போனவன். புருசன் நேரத்தோடு காலமாகிவிட்டார், ஆகையால் அக்காவுக்கு இந்த மகனும் தொலைபேசியும்தான். அந்தத் தொலைபேசிப் பேச்சை எனக்கு ஒருநாள் நடித்தே காட்டினார்.

"சாப்பிட்டியோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவான். குளிரோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவான். வேலை எப்பிடி? பரவாயில்லை. பேந்து ரெண்டு பேரும் சும்மா இருப்பம். சரி அம்மா வைக்கிறன். அவ்வளவுதான் தம்பி. நான் கந்தோரில இருக்கேக்கை வந்த தந்தியிலகூட இதைவிட ரெண்டு சொல்லுக் கூட இருந்தது."

கெட்ட பெடியன் இல்லை. கிழமை தவறாமல் எடுப்பான், மாதம் தவறாமல் அனுப்புவான். கதைக்கத்தான் தெரியாது. அங்கே சனிக்கிழமை காலையாக இருக்கும்போது எடுத்தால் மட்டும் அவசரமாக வைத்துவிடுவான். ஏன் என்று அக்கா விசாரித்ததில், ஏதோ சுட்டு விளையாடுகிறான் என்று தெரியவந்தது.

அடுத்த நாளே கடைக்கு வந்தார். "தம்பி, உந்தப் பெடியன் சனிக்கிழமையில விளையாடுற சாமானை எனக்கும் பூட்டித் தாரும்."

"அக்கா, அது துவக்குச் சண்டை விளையாட்டு."

"ஓம், அவனும் அப்பிடித்தான் சொன்னவன். நீர் எத்தினை மணி மட்டும் கடை திறந்து வச்சிருப்பீர்?"

அந்த விளையாட்டின் பெயரையும் எழுதமாட்டேன். இருபது வருடமாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கும் ஒன்று. பக்கத்துக்குப் பத்துப் பேர், இரண்டு பக்கம். ஒரு சின்ன ஊர், சில குறுகிய ஒழுங்கைகள், இடிந்த சுவர்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் சேர்ந்து, காதில் மாட்டிய கருவியில் கதைத்துக்கொண்டு சுடலாம். செத்தால் கொஞ்ச நேரத்தில் எழும்பலாம்.

அக்கா சொந்தமாக ஒரு மெத்தை கொண்டுவந்து கதிரையில் போட்டார். கொண்டைக்கு மேலால் ஹெட்போன் ஏறாது என்று கொண்டையைக் கீழே இறக்கிக் கட்டினார். சனி மாலை ஏழு மணி இங்கே என்றால் அங்கே காலை ஒன்பதரை. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்து உட்கார்ந்துவிடுவார். ஊரில் கதை பரவியது. கோயிலடியில் ஒரு மனுசி நேரடியாகவே கேட்டுவிட்டார். "உண்மையான சூட்டுக்குப் பயந்து ரெண்டுதரம் ஊரை விட்டு ஓடினனீங்கள். இப்ப காசு குடுத்துச் சூடு கேக்கிறியளோ?"

"அப்ப ஆர் சுடுறது எண்டே தெரியாது. இதில பேர் போட்டுக் காட்டுது" என்றார் அக்கா.

அவர் ஒருநாளும் சுட்டதில்லை. அந்த விளையாட்டில் மருந்துப் பெட்டி தூக்கும் ஆள் ஒருவர் உண்டு. விழுந்தவனிடம் ஓடிப்போய் எழுப்பிவிடுவது அவர் வேலை. அக்கா அதைத்தான் எடுத்தார். மகன் சுட்டுக்கொண்டு முன்னே போவான், இவர் சுவரோடு சுவராகப் பின்னால் போவார். அவன் விழுந்தால் ஓடிப்போய் எழுப்புவார். முதல் மாதம் எழுப்பப் போய்த் தானும் விழுந்து இரண்டு பேருமாகக் கிடந்தார்கள். பிறகு கை பழகிவிட்டது.

நான் முன்னறையில் வேலை செய்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒலிபெருக்கியையும் போடச் சொல்லுவார், ஹெட்போன் மட்டும் போதாது. அதில் அந்த மகனின் குரல் வரும். "அம்மா, எழும்பாதேங்கோ, பின்னாலை ஒருத்தன் நிக்கிறான்! இருங்கோ, நான் வாறன்! அம்மா, கவனம், அந்த மதிலுக்கு அங்காலை போகாதேங்கோ!" ஒரு நாளும் "உடம்பு எப்பிடி" என்று கேட்டறியாத பெடியன். அம்மாவை இப்படிப் பொத்திப் பொத்திக் கூட்டிக்கொண்டு போவான். ஆட்டம் முடிந்த பிறகு எல்லாரும் திரையிலேயே ஒரே அறையில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அப்போதுதான் வேலையிடத்தில் மேலாளரோடு பிரச்சினை என்பான், முழங்கால் நோ என்பான், புட்டு அவிக்கப் போய் மாவு களியாகிவிட்டது என்பான். அக்கா பதில் சொல்லுவார். எனக்கே கடையைப் பூட்ட மனம் வராது.

இது ஒன்றரை வருடம் நடந்தது. பிறகு புதிய பாகம் வந்தது.

அந்தப் பாகத்தைப் பற்றி நான் நியாயமாக எழுத முயற்சிக்கிறேன். ஊர் பத்து மடங்கு பெரிதாகியிருந்தது. சனம் முதுகில் ஏதோ பூட்டிக்கொண்டு பறந்தது. சுவரில் பக்கவாட்டில் ஓடியது. சிப்பாய்கள் முயல் தலையோடும் வாழைப்பழ உடுப்போடும் வந்து, சுட்டபிறகு நடனமாடினார்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு விலை. விளையாட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஆள் சேர இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது, சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கொம்பியூட்டரே ஓட்டும் பொம்மைகள். மகனின் கூட்டாளிகள் முதலில் போனார்கள். ஒரு சனிக்கிழமை அவனும் சொல்லிவிட்டான். "அம்மா, இது சரிவராது. ஆக்களில்லை. நான் விடப்போறன்."

"அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமை போன் எடுக்கிறன் அம்மா."

எடுத்தான். சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம்.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா மட்டைக் கோப்போடு வந்தார். புதுக் கோப்பு. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார். "எழுதும் தம்பி. பொருள்: நீண்டகாலமாக வெளிவரும் தங்கள் துப்பாக்கி விளையாட்டு மக்கள் ஆதரவை இழந்துள்ளமையும் அதனை மீளப் பெறுவதற்கான ஆலோசனைகளும்."

அவர் தமிழில் சொல்ல நான் இங்கிலீசில் அடித்தேன். மூன்று மாலை எடுத்தது. அவர் சொன்ன தமிழ்தான் எனக்கு ஞாபகம்.

"இருவது பேர் விளையாடுறதுக்கு உவ்வளவு பெரிய ஊர் என்னத்துக்கு? கிழக்கை தொடங்கி மேற்கை போகுமட்டும் ஒரு சனத்தைக் காணேல்ல. எங்கடை ஊரில நடக்கிறமாதிரிக் கிடக்கு. சுடுறதுக்கும் ஆள் வேணுமெல்லே?" நான் அதை "நிலப்பரப்பு சனத்தொகைக்குப் பொருத்தமற்றது" என்று மாற்றினேன். தலையாட்டினார்.

பறப்பதை அவர் முற்றாக எதிர்த்தார். "பறக்கிறவனுக்கு ஒழுங்கை தேவையில்லை. ஒழுங்கை இல்லாட்டி ஒராளை ஒராள் சந்திக்கிறது எங்கை?" முயல் தலையைப் பற்றிச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. "உது எங்கடை பக்கமோ மற்றப் பக்கமோ எண்டு யோசிக்கிறதுக்குள்ள நான் செத்துப்போறன் தம்பி." பழைய பாகங்களில் இருந்த சந்தை ஊர் ஒன்றைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அதன் நடுமதிலை எடுத்துவிட்டார்கள். மகன் ஒளிந்து நிற்கிற மதில் அது. "புனருத்தாரணம் எண்டால் வெள்ளை அடிக்கிறது. கோயிலைத் தூக்கி மற்றப் பக்கம் திருப்பி வைக்கிறதில்லை." ஆண்டுதோறும் ஒரு பாகம் வெளியிடுவதைப் பற்றி: "வருசா வருசம் திருவிழா வைக்கலாம். வருசா வருசம் புதுத் தேர் செய்ய ஏலாது. ஒண்டைச் செய்து ரெண்டு மூண்டு வருசம் வடிவா ஓடவிட வேணும்."

உலகத்தில் அந்த விளையாட்டைப் பற்றிக் காணொளி போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பலரைப் பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னதில் ஒன்றையும் அவர்களால் மறுத்திருக்க முடியாது.

கடைசிப் பந்திக்கு வந்தோம். "ஆட்டம் முடிஞ்ச உடனை சனத்தைக் கலைச்சு விடுறாங்கள். முந்தி அப்பிடியில்லை. எல்லாரும் ஒரு இடத்தில நிண்டு கதைச்சவை. அதைத் திருப்பித் தரவேணும் எண்டு எழுதும்." பிறகு மெதுவாக, "அவன் அப்பதான் கதைக்கிறவன்" என்றார். அது தட்டச்சுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். முழு மனுவும் அந்த ஒரு வசனத்துக்காகத்தான்.

இனிக் கையெழுத்து. தனியாள் கடிதத்தைக் கந்தோர் கணக்கெடுக்காது என்பது அவருடைய அனுபவம். எங்கள் தீவுகளில் மனு என்றால் முதலில் கையெழுத்து, பிறகுதான் வாசிப்பு. பெரும்பாலும் வாசிப்பு இல்லை. வள்ளத்துக்கு, பாலத்துக்கு, குடிதண்ணீருக்கு, டொக்டருக்கு என்று எவ்வளவோ மனுக்களில் கையெழுத்து வைத்துப் பழகிய கை, தாளைக் கண்டால் தானாகவே பேனையைத் தேடும். அக்கா குறிகட்டுவான் துறைமுகத்தில் வள்ளத்துக்கு நிற்கும் சனத்திடம் போய் நின்றார். நெடுந்தீவுக்குப் போக நின்ற ஒரு பெரியவர் பேனையை வாங்கிக்கொண்டே கேட்டார். "பிள்ளை, இது வள்ளத்துக்கோ, தண்ணிக்கோ?"

அக்கா பொய் சொல்ல மாட்டார். "ரெண்டுக்கும் இல்லை ஐயா. துவக்கு விளையாட்டுக்கு."

"சரி சரி. ஏதோ நல்லது நடந்தால் காணும்" என்று சொல்லிவிட்டு, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினார்.

நாலு தாள் நிரம்பியது. அதோடு நிற்கவில்லை. முத்திரை இல்லாத மனுவை எவன் பார்ப்பான் என்று கேட்டு, வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் முத்திரையை வாங்கினார். மாதர் சங்க முத்திரையை வாங்கினார். ஒரு கோயில் தர்மகர்த்தா, தலைப்பைப் பார்க்காமலே, "பரிந்துரை செய்கிறேன்" என்று எழுதிச் சங்கு படம் போட்ட வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் ஒரு விளையாட்டுக் கம்பனிக்கு, சிப்பாய்கள் பறக்கக்கூடாது என்று, தீவுப்பகுதிக் கோயில் ஒன்றின் பரிந்துரை போனது. இரண்டு மாதத்துக்குப் பிறகு பஸ்ஸில் ஒருவர் என்னைப் பிடித்து, "அக்கா கேட்ட அந்த விசயம் சரிவந்திட்டுதோ? எப்ப தண்ணி வரும்?" என்று கேட்டார்.

மனுவைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையும் இணைத்து அனுப்பினார். நான் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு வரியும், நீளமான ஓர் இலக்கமும்.

"அக்கா, இது மெசின் அனுப்புறது. ஒருத்தரும் வாசிக்கேல்ல."

"மெசினெண்டாலும் பதிஞ்சிருக்குத்தானே. இலக்கத்தைச் சொல்லும்." கோப்பின் மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதினார். அமெரிக்காவிலிருந்து யாரோ கிறுக்கிய கையெழுத்தோடு அந்த அட்டை திரும்பி வந்த நாளில் எனக்கு ஒரு கிளாஸ் பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

நினைவூட்டல் ஒன்று போனது. இரண்டு போனது. மூன்று போனது. இதற்கிடையில் ஒவ்வொரு சனியும் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வந்தார். மெத்தையைப் போட்டு, கொண்டையை இறக்கி, விளையாட்டைத் திறப்பார். நண்பர் பட்டியலில் மகனின் பெயர் இருக்கும். ஆள் வந்திருந்தால் பச்சை, வராவிட்டால் சாம்பல். சாம்பலாகவே இருக்கும். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாறன் தம்பி" என்று எழும்பிப் போவார். நான் முன்னறையில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருப்பேன்.

இதைப் பார்க்க ஏலாமல் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். கம்பனி எழுதினதுபோல ஒரு பதிலை நானே எழுதினேன். இரண்டு நாள் எடுத்து, அகராதி பார்த்து, நல்ல இங்கிலீசில். கம்பனியின் சின்னத்தை மேலே போட்டு அச்சடித்தேன். அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஊரைச் சிறிதாக்குகிறோம், பறப்பதை நிறுத்துகிறோம், மதிலைத் திருப்பிக் கட்டுகிறோம் என்று ஆறு கோரிக்கைக்கும் உடன்பட்டிருந்தது.

கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கிறீர் தம்பி."

"நானோ? அக்கா, இது கம்பனி..."

"ஆறு கேட்டனான். ஆறுக்கும் பதில் வந்திருக்கு. ஒழுங்குகூட மாறேல்ல. அப்பிடி ஒரு கந்தோர் இந்த உலகத்தில இல்லை."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவரோ பேனையை எடுத்து என் கடிதத்தின் ஓரத்தில் தமிழில் திருத்தம் போடத் தொடங்கினார். "கள்ளக் கடிதமெண்டாலும் முறை இருக்கு. ரெண்டுக்குத்தான் பதில் சொல்லவேணும். மிச்சத்துக்கு, உரிய பகுதிக்கு அனுப்பப்பட்டுள்ளது எண்டு போடவேணும்." பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மகனுக்குக் காட்டப் போறியளோ?"

"விசரே உமக்கு? அவனுக்குப் பொய் சொல்ல ஏலுமோ? கேக்க நல்லாயிருந்தது, அதுதான்."

அடுத்த வருடம் கம்பனி ஓர் அறிவிப்பு விட்டது. அடுத்த பாகம் பழைய வழிக்குத் திரும்புகிறதாம். சின்ன ஊர்கள். கால் நிலத்தில். முயலும் வாழைப்பழமும் இல்லை. பழைய சந்தை ஊர் நடுமதிலோடு வருகிறது. இனி வருடா வருடம் வெளியிட மாட்டார்கள். உலகம் முழுக்கச் சனம் திட்டியதால் வந்த ஞானம் என்பது எனக்குத் தெரியும். அக்கா கோப்பை விரித்து வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டார். ஆட்டம் முடிந்ததும் கலைத்துவிடும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. "ஆறில அஞ்சுக்கு நடவடிக்கை. ஒண்டு பரிசீலனையில" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கோயில் முத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல நான் யார்?

புதுப் பாகம் வெளிவந்ததும் சனம் வெள்ளம்போலத் திரும்பியது. ஆட்டத்துக்கு ஆள் சேர இரண்டு செக்கன். முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு மகனின் பெயர் பச்சையாக எரிந்தது. அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவன் குழுவில் சேரும் பொத்தானை அமத்தினார். குழு நிறைந்துவிட்டது என்று வந்தது. திருப்பி அமத்தினார். திருப்பியும் அதுதான்.

தொலைபேசி அடித்தது. மகன் உற்சாகமாக இருந்தான், அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. "அம்மா, பெடியள் எல்லாரும் திருப்பி வந்திட்டாங்கள்! இப்ப ஒரு குழுவில நாலு பேர்தான் அம்மா சேரலாம். அடுத்த கிழமை பாப்பம், என்ன?"

"ஓமோம். நீ விளையாடு" என்றார்.

அடுத்த கிழமையும் நாலு பேர். அதற்கடுத்த கிழமையும். பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்த காலத்தில் அம்மாவுக்கும் இடம் இருந்தது, நாலானதும் இல்லை. எனக்கு அந்தப் பெடியன்மேல் கோபம் கோபமாக வந்தது. நானே கோப்பை எடுத்து மேசையில் போட்டேன். "நாலை அஞ்சாக்கச் சொல்லி எழுதுவம் அக்கா. முத்திரைகூடப் பழசு கிடக்கு."

"வேண்டாம். இதில கந்தோரில பிழையில்லை" என்றார். ஒரு கந்தோரில் பிழையில்லை என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த வருடக் கடைசியில் மகன் அவரை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். நான் சொன்னேனே, கெட்ட பெடியன் இல்லை என்று. படிவமெல்லாம் நான்தான் நிரப்பினேன். கொடுத்துவைத்தவர் என்று ஊர் சொன்னது, நானும் சொன்னேன். கோப்புகள் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் கடிதத்துக்கு நினைவூட்டல் பத்து அனுப்ப மறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அனுப்பவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் எடுத்தார். குளிர்ச்சட்டைக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

"என்னக்கா, மகனோடை இருக்கிறியள். இனி என்ன குறை?"

"ஒரு குறையுமில்லைத் தம்பி. தங்கமான பெடியன். கிழமை நாளில வேலை, வந்தால் களைப்பு. சாப்பிட்டியோ எண்டு கேப்பன், ஓம் எண்டுவான். சனிக்கிழமை விடிய பேஸ்மென்டுக்கு இறங்கினால் மத்தியானம்தான் ஏறுவான். அவையள் நாலு பேரும் விளையாட்டு. எனக்கு மேல ஒரு அறை. பழைய கொம்பியூட்டர் ஒண்டும் தந்திருக்கிறான்."

"நீங்களும் விளையாடுறியளோ?"

"போன சனி அவன்ரை பேரை அமத்திப் பார்த்தனான். குழுவில இடமில்லை, எதிர்ப்பக்கத்தில இடமிருக்கு, சேரப்போறியளோ எண்டு கேட்டது. சேர்ந்தனான். சந்தை ஊர்தான் வந்தது. அவன் எந்த ஒழுங்கையால வருவான் எண்டு எனக்குத் தெரியும்தானே. மதிலடியில போய் நிண்டனான்."

"துவக்கோடையோ?"

"எனக்கேன் துவக்கு? மருந்துப் பெட்டியோட நிண்டனான். வந்தவன் தம்பி. முகத்துக்கு நேரை வந்தவன்."

"பேந்து?"

"பேந்தென்ன, சுட்டவன். சுட்ட உடனை கீழையிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. இஞ்சை வீட்டுக்குச் சூட்டுக்காத்து வாற ஓட்டை ஒண்டு நிலத்தில கிடக்கு, அதுக்குள்ளாலை. சின்னனில சிரிக்கிறமாதிரி, விழுந்து விழுந்து. வந்து மூண்டு மாசத்தில அப்பதான் அவன் சிரிச்சு நான் கேட்டனான்."

"நீங்கள்தான் எண்டு அவனுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"பேரை மாத்திப்போட்டுத்தான் போனனான். நான் எண்டு தெரிஞ்சால் பேந்து சுடமாட்டானெல்லே?"

பின்னால் எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்த்தார்.

"சரி தம்பி, வைக்கிறன். கீழை தொடங்கீட்டினம். நான் போய் மதிலடியில நிக்கவேணும்."